அம்மாவுக்கு மனச்சோர்வா, மறதி நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பாதிரிப்புலியூர் மகள்
ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். எனக்குப் புதுச்சேரியில் வேலை. வாரக் கடைசியில் போய்விடுவேன்.

போன ஆடியில் அப்பா தவறிப்போனார். அதற்குப் பிறகு அம்மா ஆளே மாறிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாடலீஸ்வரர் கோவில் பிரதோஷத்தைத் தவறவிடாதவர், இப்போது பக்கத்து வீட்டு அத்தை வந்து கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. உடம்பு இளைத்து ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

இதெல்லாம் துக்கம் என்றே இருந்தோம். ஆனால் மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் நெடி அடித்து அத்தைதான் ஓடிவந்து மூடினார். பேரன் பத்தாம் வகுப்பில் தேறிய செய்தியைச் சொன்னேன். மகிழ்ந்தார். மறுநாள் தொலைபேசியில் "தம்பிக்குப் பரீட்சை எப்போது?" என்று கேட்டார். சொன்னேனே அம்மா என்றால் கண் கலங்கிவிடுகிறது. "எனக்கு மூளை கெட்டுவிட்டது, உனக்குப் பாரமாகிவிடுவேன்" என்கிறார்.

வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்கிறான் அண்ணன். வருஷத் திதி முடிந்தால் தெளிந்துவிடுவாள் என்கிறார் பெரியம்மா. எங்கள் ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறியதைச் சிறு வயதில் நேரில் பார்த்தவள் நான். அதனால் இரவில் தூக்கம் வருவதில்லை. அம்மா சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அப்பா போன பிறகு தூக்க மாத்திரையும். முதலில் நரம்பு மருத்துவரிடம் போவதா, மனநல மருத்துவரிடம் போவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நெல்லிக்குப்பம் மகன்
ஞாயிறு, இரவு 11.25

என் அப்பாவுக்கு அல்சைமர், மறதி நோயில் ஒரு வகை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பட்ட பெரிய வித்தியாசம், உங்கள் அம்மா தன் மறதியை நினைத்து அழுகிறார். என் அப்பா ஒரு நாளும் அழவில்லை. "எனக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். நாங்கள்தான் கவலைப்பட்டோம்.

மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருந்த மனிதர். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால், தெரியாது என்று சொல்லவே மாட்டார். "இட்லி, புதினாச் சட்னி" என்று சட்டென்று வரும் பதில். அன்றைக்கு வீட்டில் உப்புமா. பதில் அவ்வளவு இயல்பாக இருந்ததால் எங்களுக்கு நெடுநாள் சந்தேகமே வரவில்லை. பிறகு, வாழ்நாளெல்லாம் நடந்த வழியில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் நின்றுகொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது என்று யாரையோ கேட்டிருக்கிறார். பெட்டியில் வைத்த பணத்தைக் காணோம், மருமகள் எடுத்துவிட்டாள் என்று ஆரம்பித்தார். என் மனைவி பட்ட வேதனை கொஞ்சமல்ல. அதுவும் நோயின் பகுதி என்று ஒருவர் எடுத்துச் சொல்லும்வரை வீட்டில் நிம்மதி இல்லை.

எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டபோது எங்களால் ஒரு மாதத்தைச் சுட்டிச் சொல்ல முடியவில்லை. உங்களால் "போன ஆடியிலிருந்து" என்று சொல்ல முடிகிறது. எனக்கென்னவோ மனச்சோர்வுதான் என்று தோன்றுகிறது. ஆனால் நான் மருத்துவன் அல்ல.

---

முத்தியால்பேட்டை மருமகள்
திங்கள், காலை 6.15

சகோதரி, என் மாமியாரை வைத்துச் சொல்கிறேன். மாமனார் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர். அவர் போன பிறகு மாமியார் இப்படித்தான் ஆனார். எதைக் கேட்டாலும் "தெரியாது", "நினைவில்லை", "என்னை விட்டுவிடு". யோசித்துப் பார்க்கவே மறுப்பார். சமையலில் புளி விட்டோமா, உப்புப் போட்டோமா என்பதே நிற்காது. சொந்தக்காரர்கள் எல்லோரும் மறதி நோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மனநல மருத்துவர் ஒரு சின்னச் சோதனை செய்தார். சில சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மாமியார் தெரியாது என்றார். "அதில் ஒன்று பூ" என்று மருத்துவர் குறிப்புக் கொடுத்தார். "செம்பருத்தி" என்று வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. சொல் மனதில் பதிந்திருக்கிறது, தேடி எடுக்கத்தான் தெம்பில்லை என்று விளக்கினார். அல்சைமரில் பெரும்பாலும் குறிப்புக் கொடுத்தாலும் வராதாம், பதிவே ஆகியிருக்காதாம்.

மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தார்கள். முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. வயதானவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், நடுவில் விட்டுவிடக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் என்னோடு பெரிய மார்க்கெட்டுக்கு வந்தார். மீன்காரம்மாவிடம் சங்கராவுக்குப் பேரம் பேசி, போன வாரம் என்ன விலைக்குக் கொடுத்தாய் என்று சரியாகச் சொல்லிச் சண்டை பிடித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆனால் மருத்துவர் எங்களைச் சும்மா விடவில்லை. முதுமையில் மனச்சோர்வால் மறதி வந்து தெளிந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் வருடா வருடம் காட்டுங்கள் என்றார். காட்டி வருகிறோம்.

---

ஓய்வுபெற்ற செவிலி
திங்கள், பிற்பகல் 2.50

இரண்டு பேரும் எழுதியது சரி. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அழுகிறவர்களுக்கு மறதி நோய் இருக்காது என்று இல்லை. ஆரம்பக் கட்டத்தில் தன் நிலை புரிந்து நொறுங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். மறதி நோயும் மனச்சோர்வும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவதும் வெகு சாதாரணம். "இதுவா அதுவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், "இரண்டுமா" என்ற கேள்வி விட்டுப் போகும்.

அம்மாவின் மாத்திரைகளை முதலில் பார்ப்போம். மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போதல் எல்லாம் வரும். பி12, தைராய்டு, சோடியம் என்கிற இரத்த உப்பு, சிறுநீரகம், ஹீமோகுளோபின், இவ்வளவையும் பார்த்துவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு வகை கலந்திருந்தால் சோடியம் இறங்கலாம், அதுவும் புத்தியை மந்தமாக்கும். தூக்க மாத்திரையின் பெயர் என்ன? அல்பிரசோலம், குளோனாசிபாம் வகையாக இருந்தால் பகலிலும் மூளையை மூடிவைக்கும், இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழவும் வைக்கும். ஆனால் படக்கென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின்கூட வயதானவர்களின் நினைவைக் கெடுக்கும். ஒரு பையில் வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும் போட்டு எடுத்துப் போங்கள், தைலம் முதல் லேகியம் வரை.

காது கேட்கிறதா என்றும் பாருங்கள். காதில் விழாதது நினைவில் நிற்காது. நாற்பது வருடம் வகுப்பறையில் பேசிய ஆசிரியை, கேட்காததைக் கேட்டதுபோலத் தலையாட்டிச் சமாளிப்பதில் தேர்ந்திருப்பார்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கிறது, ஏறக்குறைய 88 லட்சம் பேர். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டு பேருக்கு மேல் அது இல்லை என்றும் அதற்குப் பொருள். வயது மட்டுமே காரணமாகிவிடாது.

இன்னொன்று. அம்மாவுக்குக் கணக்கு நோட்டு எழுதும் பழக்கம் உண்டா? அந்தக் காலத்து ஆசிரியைகளுக்குப் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அப்பா இருந்த காலத்துப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். சோர்வு வந்தவர்கள் எழுதாமல் விடுவார்கள், எழுதிய நாளில் கணக்குச் சரியாக இருக்கும். மறதி நோய் தொடங்கியவர்கள் எழுதுவார்கள், கூட்டல் தப்பும், ஒரே செலவு இரண்டு முறை வரும். இது சோதனை அல்ல, மருத்துவரிடம் சொல்ல ஒரு தகவல்.

---

பண்ருட்டி வாசகர்
திங்கள், இரவு 8.05

எல்லோரும் மன்னிக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்த பெண்மணிக்குத் துக்கம் இருக்காதா? அதற்கு ஒரு மாத்திரையா? என் அத்தையை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தார். அந்த மாத்திரைக்குப் பழகிவிட்டால் விடவே முடியாது. ஊரிலும் ஒரு பேச்சு வந்துவிடும். அம்மாவை உங்களோடு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள், பேரன் முகத்தைப் பார்த்தால் தன்னால் தெளிந்துவிடுவார்.

---

ஓய்வுபெற்ற செவிலி
திங்கள், இரவு 9.30

ஐயா, உங்கள் அத்தைக்கு நடந்தது எனக்குப் புரிகிறது. நாள் முழுக்கத் தூங்க வைத்தது தூக்க மாத்திரையாகவோ அளவு கூடிய மருந்தாகவோ இருந்திருக்கலாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்த வகையில் சேராதவை, தூக்க மாத்திரைபோல அடிமையாக்குவதில்லை. ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது, வயதானவர்களுக்கு இவற்றாலும் சோடியம் குறையலாம் என்பதால் தொடங்கிய சில வாரத்தில் இரத்தம் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

துக்கத்துக்கு மருந்து வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். துக்கத்தில் இருப்பவருக்கு அலை அலையாய் வரும், நடுவில் பேரனைப் பார்த்துச் சிரிப்பும் வரும். இந்த அம்மா இளைத்துப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு விழிக்கிறார், கோவிலை விட்டுவிட்டார், தன்னைப் பாரம் என்கிறார். இது துக்கத்தைத் தாண்டிவிட்டது.

தங்கையே, "பாரமாகிவிடுவேன்" என்ற சொல்லை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு யாராவது கேட்டார்களே என்று ஆறுதலாகத்தான் இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் பூச்சி மருந்து இருக்கும், அதை அப்புறப்படுத்துங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

---

அரியாங்குப்பம் தம்பி
செவ்வாய், காலை 7.40

இழையை வழிமறிப்பதற்கு மன்னியுங்கள். என் அப்பாவுக்கு 76 வயது. போன வாரம்வரை செய்தித்தாள் படித்து அரசியல் பேசியவர். நேற்று முன்தினத்திலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார், மாலையானால் சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார், நடுநடுவே கண் செருகுகிறது. இதுவும் மறதி நோய்தானா?

---

ஓய்வுபெற்ற செவிலி
செவ்வாய், காலை 7.55

தம்பி, இதைப் படித்ததும் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள், அவசரப் பிரிவுக்கே போங்கள். இரண்டே நாளில் புத்தி இப்படிக் கலங்கினால் அது மறதி நோயின் நடை அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், நுரையீரல் சளி, புதிய மருந்து, எதுவாகவும் இருக்கலாம். அண்மையில் எங்காவது விழுந்தாரா, இரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று யோசித்துக்கொண்டே போங்கள். குளியலறையில் லேசாகத் தலை இடித்துக்கொண்டு, சில வாரம் கழித்து மண்டைக்குள் மெல்லக் கசிந்த இரத்தத்தால் குழம்பிப் போனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் தெரியும், சரிசெய்யவும் முடியும்.

---

அரியாங்குப்பம் தம்பி
செவ்வாய், இரவு 9.10

சேர்த்துவிட்டோம் அக்கா. சிறுநீர்த் தொற்று, சோடியமும் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. நன்றி.

---

திருப்பாதிரிப்புலியூர் மகள்
அடுத்த ஞாயிறு, இரவு 9.50

அரியாங்குப்பம் தம்பி, உங்கள் அப்பா குணமாகி வரட்டும்.

செவிலி அக்கா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தூங்கிவிட்டு எழுந்திருக்காமலே போனால் நல்லது என்று தோன்றும். நானாக ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன்" என்றார். அதன் பிறகு வெகுநேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். இத்தனை மாதத்தில் அவர் அப்படிப் பேசியது இதுதான் முதல் முறை. மாத்திரைகள் இப்போது அத்தை வீட்டில் இருக்கின்றன. தூக்க மாத்திரை அல்பிரசோலம்தான், பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

கணக்கு நோட்டும் இருக்கிறது. பீரோவில் வருட வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். இந்த வருட நோட்டில் செவிலி அக்கா எழுதியதுபோலவே பக்கம் பக்கமாய் வெற்றிடம். சரி, சோர்வுதான் என்று மனம் கொஞ்சம் தேறியது. பிறகு அப்பா இருந்த காலத்து நோட்டை எடுத்தேன்.

அம்மா எப்போதும் நீல மையில் எழுதுவார். அந்த நோட்டில் சில பக்கங்களில், மாதக் கடைசிக் கூட்டலுக்குப் பக்கத்தில், பென்சிலில் சின்னதாக வேறு எண் இருக்கிறது. பால் பாக்கி ஒரே மாதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறது, இரண்டாவதன் மேல் மெல்லிய பென்சில் கோடு. மின் கட்டணம் எழுத விட்டுப்போன இடத்தில் பென்சிலில் தொகை. அந்த எழுத்து அப்பாவுடையது. அவருடைய ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும், எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அப்பா இறப்பதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பிருந்தே இது நடந்திருக்கிறது. எங்கள் யாரிடமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லியிருக்க மாட்டார், அம்மாவின் மனம் நோகும் என்று பென்சிலில் எழுதியிருப்பார். தொலைபேசியில் நான் பேசும்போதெல்லாம் அம்மா ஒரு பெயருக்குத் தடுமாறினால் அப்பா பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அந்தக் குரல் போன பிறகுதான் எங்களுக்கு மறதி தெரிந்திருக்கிறது.

இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை.

---

நெல்லிக்குப்பம் மகன்
ஞாயிறு, இரவு 10.30

சகோதரி, படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அம்மா இதையேதான் செய்துவந்தார். அப்பாவுக்குச் சட்டையை எடுத்து வைப்பது, வந்தவர் பெயரை முந்திக்கொண்டு சொல்வது, கடைக்குப் போனால் கூடவே போவது. அம்மா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த நாட்களில்தான் அப்பாவின் நிலை முழுதாக வெளியே வந்தது. இருவராக வாழ்ந்தவர்களில் ஒருவர் மற்றவரின் குறையை இப்படி மூடிவைப்பது ஊரெங்கும் நடக்கிறது. துணை போனதால் நோய் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பல வீடுகளில் முன்பே வந்துவிட்டிருக்கும்.

நான் முதலில் மனச்சோர்வு என்றேன். இந்த நோட்டை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

---

ஓய்வுபெற்ற செவிலி
திங்கள், காலை 11.20

நோட்டை எடுத்துப் போங்கள், அம்மாவுக்குத் தெரிந்தே எடுத்துப் போங்கள். எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நரம்பியலும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் கோரிமேடு ஜிப்மர். நீங்கள் புதுச்சேரியில் இருப்பதால் அதுவே வசதி. காலையில் சீக்கிரம் போய்ப் பதிவு செய்ய வேண்டும். மனநலத்தில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் அவர்களே நரம்பியலுக்கு அனுப்புவார்கள்.

பெரும்பாலும் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். இன்று என்ன கிழமை, எந்த மாவட்டம், மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுதல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், ஒரு படத்தைப் பார்த்து வரைதல். முந்தின இரவே கிழமையும் தேதியும் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி தராதீர்கள். நிறைய வீடுகளில் பாசத்தில் இதைச் செய்கிறார்கள், மதிப்பெண் கூடும், நோய் மறையும். அம்மா படித்தவர் என்பதால் இன்னொரு சங்கடமும் உண்டு: படித்தவர்கள் ஆரம்பத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பள்ளிக்கே போகாதவர்களுக்கு இதற்கு நேர்மாறு, நோய் இல்லாமலே மதிப்பெண் குறையும். இந்தக் கோளாறைத் தீர்க்கத்தான் 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு படிப்பறிவைச் சாராத சோதனை முறையை உருவாக்கியது. சென்னையும் வேலூரும் அதன் களங்களில் அடக்கம்.

மனச்சோர்வுக்குத் தனியாக ஒரு வினாத்தாள் உண்டு, முதியோருக்கென்றே அமைத்தது, ஆமாம் இல்லை என்று பதில் சொன்னால் போதும். மருத்துவர் உங்களையும் தனியே அழைத்துப் பேசுவார். அழைக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அம்மா முன்னால் அவருடைய தப்புகளை அடுக்காதீர்கள்.

---

முத்தியால்பேட்டை மருமகள்
திங்கள், பகல் 12.05

போகும்போது மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள், காத்திருப்பு நீளும். சர்க்கரை இறங்கிவிட்டால் சோதனையே வீண்.

---

திருப்பாதிரிப்புலியூர் மகள்
சில வாரங்கள் கழித்து, சனி, இரவு 10.15

விசாரித்த எல்லோருக்கும் நன்றி. சோதனைகள் முடிந்தன.

பி12 மிகவும் குறைவு. ஊசி போடுகிறார்கள். தைராய்டு, சோடியம் சரியாக இருக்கின்றன. மனச்சோர்வு வினாத்தாளில் மதிப்பெண் அதிகம், உறுதியாகவே மனச்சோர்வு இருக்கிறது என்றார்கள். எம்ஆர்ஐயில் நினைவுக்கான பகுதி வயதுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கியிருக்கிறது, சின்ன இரத்தக் குழாய்களிலும் மாற்றம் தெரிகிறது. ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம் என்றார்கள்.

என்னை உலுக்கியது கடிகாரம். வட்டத்தைப் போட்டு எண்களை எழுதி, பதினொன்று மணி பத்து நிமிடம் காட்டுங்கள் என்றார் மருத்துவர். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டார், பன்னிரண்டு எண்களும் தன் இடத்தில் உட்கார்ந்தன, கரும்பலகை எழுத்து. பிறகு ஒரு முள்ளைப் பதினொன்றுக்கும் இன்னொரு முள்ளைப் பத்துக்கும் இழுத்தார். இரண்டுக்கு இழுக்க வேண்டும் அல்லவா? எத்தனை தலைமுறைப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்த கை அது. ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது. பென்சிலைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. "பரவாயில்லை டீச்சர், மறுபடி ஒரு நாள் போடலாம்" என்றார்.

நோட்டையும் பார்த்தார். இப்போதைக்கு "மனச்சோர்வு, அதோடு லேசான அறிதிறன் குறைபாடு" என்று எழுதியிருக்கிறார், அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் வயதுக்கு மீறிக் கொஞ்சம் குறைந்திருப்பது. மறதி நோய் என்று இன்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சரிசெய்யக் கூடியதை எல்லாம் முதலில் சரிசெய்வோம், மனச்சோர்வு தெளிந்து, பி12 ஏறி, தூக்க மாத்திரை குறைந்த பிறகு மிச்சம் எவ்வளவு மறதி நிற்கிறது என்று ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். காதுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறதி நோய் என்றே ஆனாலும் இப்போது செய்வது வீணாகாது, சோர்வைச் சுமந்துகொண்டு மறதியையும் சுமப்பது இரட்டிப்புத் துன்பம் என்றும் சொன்னார். அண்ணன் வந்திருந்தான். கடிகாரத்தை அவனும் பார்த்தான். இப்போது தினமும் மாலையில் அம்மாவோடு பேசுகிறான்.

---

பண்ருட்டி வாசகர்
ஞாயிறு, காலை 8.30

அம்மா விரைவில் தேறட்டும். என் அத்தை என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன், தூக்க மாத்திரைதான் இரட்டை அளவில் இருந்திருக்கிறது. செவிலி அம்மா சொன்னது சரி.

---

நெல்லிக்குப்பம் மகன்
ஞாயிறு, காலை 9.45

பின்னால் மறதி நோய்க்கென்று டோனபெசில் மாதிரி மருந்து எழுதினால், நாடித்துடிப்பைக் குறைக்கக் கூடியது என்பதால் இதயத் துடிப்பின் வரைபடம் எடுத்தார்களா என்று கேளுங்கள். அப்பாவுக்கு அது போன நினைவைத் திருப்பித் தரவில்லை. ஆனால் சில காலம் குளிப்பதையும் உடுத்துவதையும் தானே செய்துகொண்டார். எங்களுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

அம்மா தெளிவாக இருக்கும்போதே வங்கிக் காரியங்களைப் பேசிவிடுங்கள். ஓய்வூதியக் கணக்கு, வீட்டுப் பத்திரம், உயில். நாங்கள் தள்ளிப்போட்டோம். அப்பா எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், அவர் புத்தி சுவாதீனத்தை இழந்த பிறகு சட்டப்படி செல்லாது என்று வக்கீல் சொன்னபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

---

திருப்பாதிரிப்புலியூர் மகள்
பல மாதங்கள் கழித்து, வியாழன், இரவு 9.20

மறு சோதனை முடிந்தது. எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

அம்மா தூங்குகிறார். எடை ஏறியிருக்கிறது. தூக்க மாத்திரை முற்றிலும் நின்றுவிட்டது. பிரதோஷத்துக்கு அத்தையோடு போய் வருகிறார். "பாரம்" என்ற பேச்சு இல்லை. காது இயந்திரம் முதலில் பிடிக்கவில்லை, இப்போது காலையில் தானே எடுத்து மாட்டிக்கொள்கிறார். முன்பு 22 எடுத்த சோதனையில் இந்த முறை 25. மூன்று சொல்லில் இரண்டு வந்தது, மூன்றாவது குறிப்புக் கொடுத்தும் வரவில்லை. கடிகாரத்தில் முள் மறுபடியும் பத்துக்கே போனது.

ஆக, சோர்வு தூக்கிக்கொண்டு போனது போக, மிச்சம் ஒன்று இருக்கிறது. மெல்ல வளரலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்போம் என்கிறார் மருத்துவர். மனச்சோர்வு மருந்து தொடர்கிறது.

வங்கி விஷயத்தை அம்மாவே எடுத்தார். கணக்கில் என் பெயரையும் சேர்த்தாகிவிட்டது. உயிலையும் எழுதிப் பதிவு செய்துவிட்டார். எழுதும்போது அண்ணனையும் என்னையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

அடுப்புக்குத் தானாக அணையும் கருவி கடலூரிலோ புதுச்சேரியிலோ எங்கே பொருத்தித் தருகிறார்கள்? அம்மா சமைப்பதை நிறுத்த எனக்கு மனமில்லை.

---

முத்தியால்பேட்டை மருமகள்
வியாழன், இரவு 9.55

சமையலை நிறுத்தாதீர்கள். நாங்கள் மின் தூண்டல் அடுப்பு வாங்கி வைத்தோம், நேரம் வைத்தால் தானாக நின்றுவிடும், கேஸ் பயமும் இல்லை. பழக ஒரு மாதம் ஆகும், கூடவே நின்று பழக்க வேண்டும். அடியில் தட்டையான பாத்திரம் வேண்டும், அம்மாவின் பழைய ஈயப் பாத்திரமும் அலுமினியக் குண்டானும் அதில் சூடாகாது. கேஸ் அடுப்பை உடனே தூக்கிவிடாதீர்கள், ரெகுலேட்டரை மட்டும் மூடி வைத்துவிட்டு, நீங்கள் வரும் நாளில் இரண்டிலும் சமையுங்கள்.